ஓடிக்கீடி வந்துடாதீங்க

அச்சகத்தில் அவருக்கு ஆமை என்று பெயர். வைத்தது பைண்டிங் பார்க்கிற ஆள். பட்டப்பெயர் வைப்பதில் அவன் கில்லாடி. முதலாளிக்கே ஒன்று வைத்திருக்கிறான், அதை இங்கே எழுத முடியாது. பேப்பர் வெட்டும் மெஷினிலிருந்து வாசலுக்கு டீ குடிக்க வருகிற தூரத்தையே நம்மவர் ஊர்வலம் மாதிரி வருவார். மழை பிடித்துக்கொண்டு வாசலில் இறக்கிய காகிதக் கட்டுகள் நனைகிறபோது எல்லோரும் தலைதெறிக்க ஓடினால், அவர் மட்டும் நடப்பார். "ஆமையண்ணே, உலகமே முழுகினாலும் நீங்க செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டுத்தான் வருவீங்க" என்பான் பைண்டிங்காரன். அவருக்குக் கோபம் வராது. ஏன் வர வேண்டும்? ஓடக்கூடாது என்பது டாக்டர் சொன்னது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில், வாலிப முறுக்கில், ஒரு காகிதக் கட்டைக் குனிந்து ஒரே தம்மில் தூக்கினார். இடுப்பில் சடக்கென்றது. அப்படியே மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தவரை நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது என்றார் டாக்டர். "படுத்துக்கிட்டே இருங்க. குனிஞ்சு தூக்காதீங்க. ஓடாதீங்க. வலி போனதும் வந்து காட்டுங்க, மத்ததை அப்புறம் சொல்றேன்" என்றார். வலி போனது. போய்க் காட்டினார்களா? வலி இருக்கும்போதே டாக்டரிடம் போக ஆயிரம் சாக்கு சொல்கிற குடும்பம், வலி போன பிறகா போகும்? மத்ததை அப்புறம் கேட்கவே இல்லை. அந்த டாக்டர் வேலையை விட்டாரோ, ஊரை விட்டாரோ, உயிரையே விட்டாரோ தெரியாது. அவர் சொன்ன 'ஓடாதீங்க' மட்டும் அந்த வீட்டில் சட்டமாகக் குடியேறிவிட்டது.

சட்டத்துக்குக் காவல் அவர் மனைவி. குழந்தையாக இருந்த மகள் கையை உதறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினால், அவள் பின்னாலேயே ஓடிக்கொண்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி, "நீங்க ஓடாதீங்க!" என்று இவரைப் பார்த்துக் கத்துவாள். கண்ணெதிரே பஸ் கிளம்பினால், "போனாப் போகுது, அடுத்த பஸ் வராமலா போயிடும்?" என்பாள். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு ஓட்டப் பந்தயம் வைத்தபோது, தன் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள், ஆனால் முதல் பரிசு வாங்கியவளைப் போல் சிரித்தாள். "ஆமை புகுந்த வீடு விளங்காதும்பாங்க. நான் ஆமையையே கட்டிக்கிட்டு வந்திருக்கேன், எங்கருந்து விளங்கும்?" என்று எதிர்வீட்டுத் தையல்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் கையில் ஒரு பை கனமாக இருந்தால் மட்டும் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொள்வாள்.

அவள் போனாள். எப்படிப் போனாள் என்பதுதான் கதை.

நடுப்பகல். மெஷினில் கத்தியை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "நெஞ்சு ஒரு மாதிரியா அடைக்குதுங்க. கொஞ்சம் வீட்டுக்கு வாங்களேன்" என்றாள். குரலில் எப்போதும் இருக்கிற அதட்டல் இல்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இதோ வரேன். தையல்காரம்மாவைக் கூப்பிட்டு உட்கார வச்சுக்கோ" என்றார். "அவ இங்கதான் இருக்கா. ஆம்புலன்ஸுக்கும் சொல்லிட்டா. நீங்க ஓடிக்கீடி வந்துடாதீங்க, என்ன?" என்றாள்.

"சரி" என்றார்.

அச்சகத்திலிருந்து வீட்டுக்குச் சந்து வழி. வண்டி எடுத்தால் பெரிய ரோட்டைச் சுற்றி, சிக்னலில் நின்று, நடக்கிறவனுக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதனால் நடந்தார். வேகமாகத்தான் நடந்தார், அவர் வேகத்தில். பதறாத காரியம் சிதறாது, பதறாத காரியம் சிதறாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். படியேறி உள்ளே போனபோது அவள் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்த தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான்..." என்றாள். ஆம்புலன்ஸ் பிறகு வந்தது, வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

அந்த 'இப்பத்தான்' அவரைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு இப்பத்தான்? படியேறும்போதா? தெருவில் வரும்போதா? அவர் இன்னும் சந்திலேயே இருந்தபோதா? தையல்காரியைக் கேட்டால் தெரியும். ஆனால் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் அவர் கண்ணிலேயே படவில்லை. எதிரெதிர் கதவு. இவர் காலடிச் சத்தம் படியில் கேட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பேச்சுக் குரல் நிற்கும், தையல் மெஷின்கூட நிற்கும். 'நம்மளைப் பாக்கவே அவளுக்குப் பிடிக்கல' என்று நினைத்துக்கொண்டார். கதவைத் தட்டிக் கேட்கிற தைரியமும் வரவில்லை.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. என்னால்தான் ஓட முடியாதே! இடுப்பு அப்படி. ஓட முடியாதவன் நடந்து வந்தான், இதில் என்ன குற்றம்? தூக்கம் வராதபோதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினார். மகளும் அதையே சொன்னாள். "நீங்க என்னப்பா பண்ணுவீங்க? உங்களால முடிஞ்ச வேகத்துல வந்தீங்க" என்றாள். நியாயமாகத்தான் இருந்தது.

சில மாதம் போனது. துக்கம் இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்து பல் தேய்க்கக் குனிய முடியவில்லை. படியிறங்கினால் முழங்கால் நறநறவென்று சத்தம் போட்டது. மகள் விடுமுறை எடுத்துக்கொண்டு அவரைப் பிசியோதெரபி பார்க்கிற அம்மாளிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மாள் சின்ன வயது, ஆனால் கை இரும்பு. படுக்க வைத்துக் காலைத் தூக்கினாள், மடக்கினாள், முதுகில் ஒவ்வொரு கணுவாக அமுக்கினாள். புதிதாக எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"டிஸ்க்குல ஒண்ணும் இல்லையே சார். பழைய காயத்தோட தடம் லேசா தெரியுது, அவ்வளவுதான். அது எப்பவோ ஆறிப்போச்சு."

"அப்ப இந்த வலி?"

"அசையாம வச்சிருக்கீங்கல்ல, அதான் வலிக்குது. தொடையில சதையே இல்ல, இடுப்புல பலமே இல்ல. கொஞ்சம் பயிற்சி சொல்லித் தரேன். அப்புறம் நடங்க. அப்புறம் மெதுவா ஓட ஆரம்பிங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஓடலாமா?"

"ஏன் ஓடக்கூடாது? யார் சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்? எப்போ?"

"இவ பொறக்கறதுக்கு முன்னாடி" என்று மகளைக் காட்டினார்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகளும் சேர்ந்து சிரித்தாள். "அய்யோ சார், அது அப்போ! நீங்க இத்தனை வருஷமா ஓடிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றாள் அந்த அம்மாள், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

சுவரில் ஒரு முதுகெலும்புப் படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றையும் இந்தப் பெண் சிரித்துக்கொண்டே அறுத்துவிட்டாளே என்றிருந்தது அவருக்கு. மகள், "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

ஓட ஆரம்பித்தது ஆரோக்கியத்துக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். பாவம், நினைத்துவிட்டுப் போகட்டும். அவருக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தீர வேண்டியிருந்தது: அன்றைக்கு என்னால் ஓடியிருக்க முடியுமா, முடியாதா? முடியாது என்று இந்த உடம்பு சொல்லிவிட்டால் போதும். விழட்டும், இடுப்பு மறுபடி சடக்கென்று போகட்டும், அந்த அம்மாள் சொன்னது தப்பு என்று ஆகட்டும். அதற்காகவே ஓடினார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா. சுற்றி மண் பாதை. "சிமெண்ட் தரை வேண்டாம், மண்ணுல ஓடுங்க. கொஞ்சம் நடங்க, கொஞ்சம் ஓடுங்க, திரும்ப நடங்க. சின்னச் சின்ன அடியா வைங்க. ஓடும்போதே பக்கத்துல இருக்கறவங்களோட பேச முடியணும், அதுக்கு மேல வேகம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் அந்த அம்மாள். பக்கத்தில் பேச யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் காலை, சுற்றிலும் பார்த்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு, ஓடினார். ஓட்டமா அது! கைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழுக்குத் தரையில் போகிறவன் மாதிரி முதுகை விறைத்துக்கொண்டு ஒரு தத்தல். வேப்பமரத்திலிருந்து குழாயடி வரைக்கும். மூச்சு வாங்கியது. தொடை நடுங்கியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சடக்குக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னால், சற்றுத் தள்ளி, செருப்பு சப் சப்பென்று அடிக்கிற சத்தம். அவர் மனைவி குதிகாலில் அழுத்தி நடக்கிற அதே செருப்பு. திரும்பினார். பாதை வெறிச்சென்று கிடந்தது. காற்றில் ஏதோ அடித்துக்கொள்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி ஓடினார். மறுபடி சப் சப்பென்று வந்தது. இவர் நின்றால் அதுவும் நின்றது.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள்.

நாள் ஆக ஆக இரண்டு நடந்தன. ஒன்று, அவருக்கு ஓட வந்தது. பாழாய்ப் போன உடம்பு, இத்தனை வயதுக்கு மேல், கேட்காத வரம் கொடுத்த மாதிரி தேறிக்கொண்டே வந்தது! தரையில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற பயிற்சி, பூனை மாதிரி முதுகை வளைக்கிற பயிற்சி எல்லாம் செய்யச் செய்ய, பல் தேய்க்கும்போது தன்னையறியாமல் குனிந்தார். வேப்பமரத்திலிருந்து குழாயடி என்பது ஊஞ்சல் வரைக்கும் ஆனது, வாசல் வரைக்கும் ஆனது, ஒரு முழுச் சுற்று ஆனது. ஒவ்வொரு தடவையும் தூரம் கூடும்போது அவர் மனசு ஒரு படி கீழே இறங்கியது. இந்தத் தூரம் முடியுமென்றால் சந்து முனை வரைக்கும் ஓடியிருக்கலாம். இது முடியுமென்றால் மருந்துக்கடை வரைக்கும். ஓட்டம் பழகுகிறவன் எவனாவது தூரம் கூடியதற்கு அழுவானா? அவர் அழுதார். வியர்வையைத் துடைக்கிற துண்டிலேயே அதையும் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது, அந்தச் செருப்புச் சத்தம். இவர் வேகம் கூடினால் அது பின்தங்க வேண்டுமா இல்லையா? கிட்டே வந்தது. முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. ஒரு தடவை மூச்சுகூடக் கேட்டது, மாடிப்படி ஏறி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் வாங்குகிற மூச்சு. பயமாக இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை. அதே சமயம், மறுநாள் காலை எழுந்ததும் பூங்காவுக்குப் போகத்தான் அவசரப்பட்டார். வேறு எங்கே அவள் இருக்கிறாள்?

அந்த அவசரத்தில் முழங்கால் வீங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடச் சொன்னதைத் தினமும் ஓடியிருக்கிறார், மெதுவாக ஓடச் சொன்னதை ஏதோ துரத்துகிற மாதிரி ஓடியிருக்கிறார். பிசியோ அம்மாள் பிடித்துத் திட்டினாள்.

"வலி வேற, அசதி வேறன்னு எத்தனை தடவை சொன்னேன்? அசதின்னா ஓடலாம், குத்தற வலின்னா நிக்கணும். மூட்டைச் சுத்தி சதை பலமாகறதுக்கு முன்னாடியே இப்படிப் போட்டு அடிச்சா எப்படி? எங்க சார் போகணும் உங்களுக்கு இவ்வளவு அவசரமா?"

வீட்டுக்கு என்று வாய் வரைக்கும் வந்தது. "சும்மாதான்மா" என்றார்.

ஐஸ் வைத்தார், ஓய்வெடுத்தார், நல்ல ஷூ ஒன்று மகள் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு ஒரே பெருமை. போனில் தோழிகளிடமெல்லாம், "எங்கப்பா ஓடறார் தெரியுமா!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் அவர் ஷூ கயிறு கட்டும்போது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா இருந்திருந்தா கத்தியே ஊரைக் கூட்டியிருப்பாங்கல்ல?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. அவரைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், "பாத்துப் போயிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அது தோன்றிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அந்தக் காலையில் அவரால் ஓடவே முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்.

வீக்கம் வடிந்து, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, நிற்காமல் பூங்காவைச் சுற்றுகிற அளவுக்கு வந்ததும், பிசியோ அம்மாள் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டுத் தட்டிக் கொடுத்தாள். "பிரமாதம். இனிமே நீங்க எங்க வேணும்னாலும் ஓடலாம்" என்றாள்.

எங்கே என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு வழியில் மட்டும்தான் அதுவரை அவர் ஓடாமல் இருந்தார்.

சில நாள் ஒத்திப்போட்டார். ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போவார், அப்படியே திரும்பக் கொண்டுவருவார். ஒரு நடுப்பகல், மெஷினுக்குக் கத்தி மாற்ற வேண்டியிருந்தது. கையில் ஸ்பேனரோடு நின்றவர், அதைக் கீழே வைத்தார். ஷூவைப் போட்டுக்கொண்டார். கயிற்றை இறுக்கினார். கிளம்பிவிட்டார்.

"அடேய்! ஆமை ஓடுதுடா!" என்று பைண்டிங்காரன் போட்ட கூச்சல் பின்னாலேயே வந்தது. பிறகு, "அண்ணே, என்னாச்சு? என்னாச்சுண்ணே?" என்று அவன் குரல் மாறியதும் கேட்டது. அவர் திரும்பவில்லை.

வெயில் கொளுத்தியது. பூங்காவின் மண் இல்லை, சிமெண்டும் கல்லும். சின்னச் சின்ன அடி, சின்னச் சின்ன அடி என்று சொல்லிக்கொண்டார். சந்தில் நிறுத்தியிருந்த சைக்கிள்களை ஒதுங்கிப் போனார். மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து பார்த்தார். இஸ்திரிக் கடை போனது, பள்ளிக்கூடச் சுவர் போனது. இது என்ன, இதற்குள் பள்ளிக்கூடச் சுவரா? அன்றைக்கு இந்தச் சுவர் முடியவே முடியாது போல் நீண்டுகொண்டே போனதே! இவ்வளவுதானா தூரம்? அட பாவி, இவ்வளவுதானா? மூச்சு வாங்கியது, ஆனால் இருந்தது. இடுப்பு தாங்கியது. முழங்கால் தாங்கியது. விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டார், கால் தடுக்கக்கூட இல்லை. முதுகுக்குப் பின்னால் சப் சப்பென்று செருப்பு வந்துகொண்டே இருந்தது. 'போ, நீ முன்னால போ' என்று வாய்விட்டே சொன்னார். தெரு முனை திரும்பினார். கேட்டைத் தள்ளினார். படியில் ஏறினார்.

மாடியில் தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள், முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணே! யாருக்கு என்ன? பாப்பாவுக்கு என்ன?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "யாருக்கும்... ஒண்ணும் இல்லம்மா."

"அப்புறம் ஏன் இப்படி ஓடி வரீங்க?"

"சும்மா. ஓடிப் பாத்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களால ஓட முடியுமா?" என்றாள். கேள்வி மாதிரி ஆரம்பித்துக் கத்தலாக முடிந்தது. "ஓட முடியுமாண்ணே உங்களால?"

அவர் படியில் உட்கார்ந்தார். இப்போது கேட்காவிட்டால் என்றைக்குமே கேட்க முடியாது. "அன்னிக்கு இப்பத்தான்னு சொன்னியேம்மா. எப்போ? நான் எங்க வந்துக்கிட்டு இருந்தேன்?"

அவள் கதவுக்குள் போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. அவருக்கு மேல் படியில், சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தாள்.

"நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொன்னா. போட்டேன். தெருவையே பாத்துக்கிட்டு இருந்தா. நீங்க முனை திரும்புனதை அவதான் மொதல்ல பாத்தா. 'அதோ வராரு'ன்னா. நான் எட்டிப் பாத்தேன். நீங்க நடந்து வரீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுண்ணே. இவ இங்க இப்படிக் கிடக்கா, இந்த மனுஷன் ஆடி அசைஞ்சு வராரேன்னு, 'ஓடி வாங்க'ன்னு கத்தறதுக்கு ஜன்னல் கம்பியைப் பிடிச்சேன். என் கையைப் பிடிச்சுட்டா. 'கத்தாதடி. நீ கத்துனா நெஜமாவே ஓடி வந்துடுவாரு. அவருக்கு இடுப்பு போயிடும்'னா. 'மெதுவா வரட்டும்'னா."

அவர் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கத்தல. நீங்க கேட்டுக்கு வந்து, தலை மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என் கையைப் பிடிச்சிருந்த பிடி விட்டுப்போச்சு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கத்தியிருக்கணும்ணே. அவ சொன்னான்னு நான் ஏன் வாயை மூடிக்கிட்டேன்? நீங்க வந்து அவ முகத்தையாவது பாத்திருப்பீங்க. உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? கத்தியிருந்தாலும் அவரால ஓடியிருக்க முடியாது, முடியாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு ஓடி வரீங்க, பாத்தேனே!"

அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஓடியிருந்தால் அவளை உயிரோடு பார்த்திருப்பார். அந்தத் தெரு எவ்வளவு சின்னது என்று இப்போது அவர் காலுக்கே தெரியும். இதைவிடத் தெளிவாக எந்தப் பதிலும் வேண்டியதில்லை. இனி தூங்குவதற்குச் சொல்லிக்கொள்ள அவரிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை. ஆனால் எதிரே இருந்தவளிடம் அந்த 'முடியாது' இன்று வரைக்கும் இருந்தது. அதைத்தான் அவர் இன்றைக்கு ஓடி வந்து உடைத்திருக்கிறார்.

"இந்தா பாரும்மா" என்றார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "இது இப்பப் பழகினது. பிசியோ பாக்கறவங்ககிட்ட மாசக்கணக்கா இடுப்பைப் பலப்படுத்தி, முழங்கால் வீங்கி, ஐஸ் வச்சு, அப்புறம் வந்த ஓட்டம். பாப்பாவைக் கேட்டுப் பாரு. அன்னிக்கு இந்த இடுப்பு இப்படி இல்ல. நீ கத்தியிருந்தா முனையிலேயே விழுந்திருப்பேன். மேல ஏறியே வந்திருக்க மாட்டேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் சொன்னதுதான். அவ கையைப் பிடிச்சது சரிதாம்மா. நீ கத்தாததும் சரிதான்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது, நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கொண்டாரேன்" என்று எழுந்து போனாள். கொண்டுவந்த சொம்பை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். அச்சகத்துக்குத் திரும்ப வேண்டும், கத்தி அப்படியே கிடக்கிறது. நாற்காலியை எடுத்து ஜன்னலோரம் போட்டார். உட்கார்ந்தார். தெரு முனை நேராகத் தெரிந்தது, முனையிலிருந்து கேட் வரைக்கும் ஒன்றும் மறைக்கவில்லை. யாரோ ஒருவர் முனை திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். யார் என்று தெரியாது, எதிர்ச்சாரியில் இருப்பவராக இருக்கும். கையில் பையோடு வந்தார். நடையைப் பார்க்க முடிந்தது, கையை வீசுவதைப் பார்க்க முடிந்தது, கிட்டே வர வர முகத்தையும் பார்க்க முடிந்தது. ஓடி வருகிறவன் என்றால் ஒரு நொடியில் கடந்துவிடுவான். நடந்து வருகிறவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.